செகண்ட் ஹேண்ட் சைக்கிள் வாங்கும்போது ஃபிரேமில் மறைக்கப்பட்ட அடியைக் கண்டுபிடிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் விற்பனைக்கு வரும் கியர் சைக்கிள்களில் கணிசமானவை பெங்களூரில் ஓடியவை. அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் தூசி படிந்து நின்றதை யாரோ மொத்தமாக வாங்கி, துடைத்து, புது டயர் போட்டு விற்பார்கள். தர்மபுரி, பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் கிடைப்பவை வேறு ரகம்: பால் கேன் கட்டி ஓடிய பழைய கறுப்பு சைக்கிள், பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் விற்கும் அரசு சைக்கிள். இரண்டு ரகத்திலும் ஃபிரேமில் அடி இருக்கலாம், ஆனால் அடி விழும் இடம் ஒன்றல்ல.

விற்பவர் காட்டுவது டயர், கியர், பிரேக். அவை எல்லாம் மாற்றக்கூடியவை. செயின் தேய்ந்திருந்தால் சில நூறு ரூபாயோடு போகும். ஃபிரேமில் விரிசல் இருந்தால் வண்டியே போச்சு. அதனால் நான் சொல்லும் வரிசை தலைகீழாக இருக்கும்: ஃபிரேமைப் பார்த்து முடிக்கும்வரை கியரைத் தொடாதீர்கள்.

போவதற்கு முன்: ஒரு கேள்வி, நான்கு படங்கள்

போனில் பேசி முடித்த பிறகும் வாட்ஸ்அப்பில் எழுத்தாக ஒரு தடவை கேளுங்கள். "அண்ணா, ஃபிரேம், ஃபோர்க் எங்கயாவது மோதி அடி வாங்கியிருக்கா? வெல்டிங், பெயின்ட் வேலை ஏதாவது செஞ்சிருக்கீங்களா?" அவ்வளவு போதும். (ஃபோர்க் என்பது முன்சக்கரத்தை இரு பக்கமும் பிடித்திருக்கும் கவைக்கால்.) "ஒண்ணும் இல்ல தம்பி, சும்மா நின்ன வண்டி" என்று பதில் வந்தால் அதை அழிக்காமல் வையுங்கள். இது ஏன் முக்கியம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

கூடவே நான்கு இடங்களின் படம் கேளுங்கள்: ஹேண்டில் பாருக்குக் கீழே குழாய்கள் கூடும் இடம், பெடல் அச்சின் அடிப்பக்கம், சீட் குழாயின் மேல் நுனி, பின்சக்கரம் மாட்டும் இடம். நிறையப் பேர் சைக்கிளைச் சுவரில் சாய்த்து எடுத்த ஒரே படத்தைத்தான் திரும்பத் திரும்ப அனுப்புவார்கள். அது ஏமாற்று என்று அர்த்தமில்லை, சோம்பலாக இருக்கலாம். ஆனால் மூன்று தடவை கேட்டும் அடிப்பக்கப் படம் வரவில்லை என்றால், ஓசூருக்குப் பஸ் ஏறும் முன் யோசியுங்கள்.

எடுத்துப் போக வேண்டியவை: சின்னக் காந்தம், மூன்று மீட்டர் நூல், பஞ்சு, ஈரத்துணி, ஸ்கேல், 4, 5, 6 மில்லிமீட்டர் ஆலன் கீ. டார்ச் போனில் இருக்கிறது. பகல் வெளிச்சத்தில் போங்கள். "ஆபீஸ் முடிஞ்சு ஏழு மணிக்கு வாங்க" என்றால் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போடுங்கள். ட்யூப்லைட்டில் பெயின்ட்டின் நெளிவு தெரியாது.

முதல் வேலை: துடைத்துவிட்டு, எந்த உலோகம் என்று பாருங்கள்

ஈரத்துணியால் ஃபிரேம் முழுவதையும் துடையுங்கள். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம், குங்குமம் ஹேண்டில் பாருக்குக் கீழே இருக்கும் ஹெட் குழாயில் காய்ந்து ஒட்டியிருக்கும். கேட்டுவிட்டு அதையும் துடைத்துவிடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பொட்டு வைக்கும் அந்த இடத்தில்தான் நமக்கும் வேலை இருக்கிறது.

பிறகு காந்தம். ஒட்டினால் இரும்பு, அதாவது ஸ்டீல். ஒட்டவில்லை, குழாய்கள் தடிப்பாக, மூட்டுகளில் வெல்டிங் வரி மீன் செதில் மாதிரி தெரிகிறது என்றால் அலுமினியம். ஒட்டவில்லை, வெல்டிங் வரியும் இல்லை என்றால் கார்பனாக இருக்கலாம். ஆனால் அலுமினியத்திலும் சில மாடல்களில் வெல்டிங்கை மழமழவென்று தேய்த்துவிடுவார்கள். விரல் நகத்தால் தட்டிப் பாருங்கள், உலோகம் கணீரென்று சொல்லும். உலோகம் எது என்று தெரியாமல் மேலே போக வேண்டாம். ஒரே நெளிவுக்கு ஸ்டீலில் ஒரு தீர்ப்பு, அலுமினியத்தில் வேறு தீர்ப்பு.

மோதிய வண்டி: ஹெட் குழாயின் பின்புறம்

முன்சக்கரம் பள்ளத்திலோ கார் கதவிலோ மோதி நிற்கும்போது ஃபோர்க் பின்னால் தள்ளப்படும், அது ஹெட் குழாயின் கீழ் நுனியையும் சேர்த்துத் தள்ளும். அந்தத் தள்ளலை வாங்குவது, அங்கிருந்து சீட் பக்கம் போகும் மேல் பாரும், பெடல் அச்சுக்கு இறங்கும் கீழ் பாரும். அடிக்கடி தெரியும் அடையாளம், ஹெட் குழாயிலிருந்து சில விரற்கடை பின்னால், இந்தக் குழாய்களின் அடிப்பக்கத்தில் ஒரு சிறு புடைப்பு அல்லது மடிப்பு. மூட்டிலேயே வராமல் கொஞ்சம் தள்ளி வருவதற்குக் காரணம் உண்டு. நல்ல ஃபிரேம்களில் குழாயின் நுனிகள் தடிப்பாகவும் நடுப்பகுதி மெல்லியதாகவும் இருக்கும். மெல்லியது தொடங்கும் இடத்தில்தான் மடியும்.

கண்ணைவிட விரல் இதை நன்றாகக் கண்டுபிடிக்கும். கட்டைவிரலைக் கீழ் பாரின் அடிப்பக்கத்தில் வைத்து, ஹெட்டிலிருந்து பின்னால் மெதுவாக இழுங்கள். கண்ணை மூடிக்கொண்டால் இன்னும் நல்லது. பிறகு டார்ச்சைக் குழாயோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். நேர் குழாயில் வெளிச்சம் ஒரே கோடாக ஓடும், புடைப்பு இருந்தால் கோடு நெளியும். பெயின்ட் அந்த இடத்தில் மட்டும் குறுக்கே மெல்லிய கோடுகளாக வெடித்திருந்தாலும் அதே கதைதான்.

மேல் பார், கீழ் பார் இரண்டிலும் மடிப்பு இருந்தால் எந்த உலோகமாக இருந்தாலும் பேரம் பேச வேண்டாம். வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

அடுத்து ஃபோர்க். வண்டியைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். வளைந்த கால் உள்ள ஃபோர்க்கில், மேல் நேர்பகுதி ஹெட் குழாயின் கோட்டைத் தொடர்ந்து வந்து, கீழே முன்னோக்கி வளைய வேண்டும். தோளுக்கு, அதாவது இரண்டு காலும் பிரியும் இடத்துக்கு, கீழே கோடு பின்பக்கம் உடைந்து போனால் மோதிய வண்டி. நேர்க்கால் ஃபோர்க்குகளைத் தோளிலேயே சாய்த்துச் செய்திருப்பார்கள், அவற்றில் இந்தக் கோட்டை நம்ப முடியாது. இரண்டு காலும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கின்றனவா, தோளில் பெயின்ட் வெடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஃபிரேம் பழசு, ஃபோர்க் மட்டும் புத்தம் புதுசு, அல்லது முன்சக்கரம் மட்டும் வேறு கம்பெனி என்றால் "ஏன் மாத்தினீங்க?" என்று கேளுங்கள். ஃபோர்க் வளையும் அளவுக்கு மோதியிருந்தால் ஃபிரேமும் கொஞ்சமாவது வாங்கியிருக்கும். ஃபோர்க்கை மாற்றிவிட்டு ஃபிரேமை அப்படியே விற்பது ரொம்ப சாதாரணம்.

முன்பக்கத்தைத் தூக்கி ஹேண்டில் பாரை இரு பக்கமும் மெதுவாகத் திருப்புங்கள். ஒரு கோணத்தில் மட்டும் இறுகி மறுபடி இளகினால், ஃபோர்க்கின் உள்தண்டு வளைந்திருக்கலாம். முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஆட்டும்போது 'டக் டக்' என்று வந்தால் பெரும்பாலும் கப் லூஸ், பால்ரஸ் தேய்வு. அதைக் கடையில் சரிசெய்துவிடலாம், பயப்பட வேண்டாம்.

பாரம் சுமந்த வண்டி: பின்பக்கம்

கேரியரில் பால் கேன், தண்ணீர்க் குடம், தக்காளிக் கூடை கட்டி ஓடிய சைக்கிளில் முன்பக்கம் சுத்தமாக இருக்கும். அடி பின்னால்தான். பின்சக்கரத்தின் மேலே போகும் சீட் ஸ்டே, கீழே போகும் செயின் ஸ்டே, இவை சக்கர அச்சில் சேரும் தகடு, கேரியர் போல்ட் மாட்டும் துளை எல்லாவற்றையும் பாருங்கள். காஸ் வெல்டிங் வைத்து, அதன்மேல் கறுப்புப் பெயின்ட் அடித்திருப்பது இங்கேதான் அதிகம். தொழிற்சாலை மூட்டு இடது வலது ஒரே மாதிரி இருக்கும். ஒரு பக்க மூட்டு மட்டும் கட்டியாக, புள்ளி புள்ளியாக இருந்தால் அது பிறகு வைத்தது.

பலர் கவனிக்காத இன்னொரு இடம் ஸ்டாண்டு. சைடு ஸ்டாண்டின் பட்டை செயின் ஸ்டேயை இறுக்கிப் பிடித்திருக்கும். கூடுதலாக முறுக்கினால் குழாய் நசுங்கும். அலுமினிய ஃபிரேமில் இது இன்னும் மோசம். வாங்கப் போகும் வண்டி என்றால் பட்டையைக் கழற்றிக் காட்டச் சொல்வதில் தவறில்லை. லேசான தழும்பு பரவாயில்லை, குழாய் தட்டையாகியிருந்தால் விலகுங்கள்.

வலது பக்கம் விழுந்த கியர் சைக்கிளில் பின் கியர் தொங்கும் சிறு கொக்கி உள்ளே வளைந்திருக்கும். அலுமினிய ஃபிரேம்களில் அதைப் பெரும்பாலும் தனியாகக் கழற்றி மாற்றலாம், அதனால் அதை ஃபிரேம் அடியாகக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை. விலையைக் குறைக்க மட்டும் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

சீட் குழாயும் பெடல் அச்சும்

சீட்டைத் தாங்கும் தண்டை, அதாவது சீட் போஸ்ட்டை, முழுவதும் வெளியே உருவுங்கள். வரவே மாட்டேன் என்றால் அதுவே ஒரு தகவல். ஸ்டீல் ஃபிரேமில் அலுமினிய போஸ்ட் வருடக்கணக்கில் கிரீஸ் இல்லாமல் இருந்தால் இரண்டு உலோகமும் அரித்து ஒட்டிக்கொள்ளும். சீட் உயரத்தை மாற்ற முடியாத வண்டி உங்களுக்கு எதற்கு?

வந்துவிட்டால் போஸ்ட்டில் குறைந்தபட்ச ஆழக்கோடு எங்கே இருக்கிறது, அது வெளியே தெரியும்படி ஓட்டிய தழும்பு உண்டா என்று பாருங்கள். உயரமானவர்கள் சின்ன ஃபிரேமை வாங்கி, சீட்டை எக்கச்சக்கமாகத் தூக்கி ஓட்டியிருப்பார்கள். அந்த நெம்புதலில் சீட் குழாயின் வெட்டுப்பிளவின் அடியிலிருந்தோ, மேல் பார் சேரும் மூட்டிலிருந்தோ விரிசல் கிளம்பும். கிளாம்பைக் கழற்றினால்தான் தெரியும். குழாய்க்குள் டார்ச் அடியுங்கள். பழுப்புப் படலம் சகஜம், துரு செதில் செதிலாக உதிர்ந்தால் குழாய் உள்ளே மெலிந்துவருகிறது.

பிறகு வண்டியைத் தலைகீழாகப் போட்டுப் பெடல் அச்சின் அடிப்பக்கத்தைத் துடையுங்கள். செயின் ஸ்டே சேரும் மூட்டுகளில் விரிசல் தேடுங்கள். ஃபிரேம் நம்பர் வழக்கமாக இங்கேதான் குத்தியிருக்கும். அரம் போட்டுத் தேய்த்திருந்தால் அது திருட்டு வண்டியாக இருக்கலாம். ஃபிரேம் தங்கமாக இருந்தாலும் வேண்டாம்.

கீறலா, விரிசலா?

இதில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். கீறல் பெயின்ட்டோடு நின்றுவிடும், எங்கே வேண்டுமானாலும் எந்தத் திசையிலும் போகும். விரிசல் பெரும்பாலும் மூட்டின் விளிம்பில், துளையில், வெட்டில் தொடங்கும். ஸ்டீலில் அதன் ஓரம் பழுப்பாகக் கசிந்திருக்கும். அலுமினியத்தில் கறுப்புப் பொடி கசியும். பஞ்சை அதன்மேல் குறுக்கே இழுங்கள். பஞ்சு இழை சிக்கினால் விளிம்பு இருக்கிறது.

இன்னும் சந்தேகமா? பட்டறைகளில் பழைய முறை ஒன்று உண்டு. அந்த இடத்தில் மண்ணெண்ணெய் தடவிக் கால் மணி நேரம் விட்டு, உலரத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடியைத் தூவுங்கள். விரிசலுக்குள் இறங்கிய எண்ணெய் மேலே கசிந்து பொடியில் கருங்கோடாகத் தெரியும். பெயின்ட் வெடித்த இடத்தில்தான் இது வேலை செய்யும். முழுப் பெயின்ட்டுக்கு அடியில் இருப்பதைக் காட்டாது. விலை அதிகமான ஃபிரேம் என்றால் ஓசூர் சிப்காட் பக்கம் ஃபேப்ரிகேஷன் செய்கிறவர்களிடம் டி.பி. டெஸ்ட் என்று கேளுங்கள். சிவப்புச் சாயம் அடித்து, துடைத்து, வெள்ளைப் பொடி அடிப்பார்கள். விரிசல் இருந்தால் சிவப்புக் கோடு வரும்.

பட்டி பூசி மறைத்திருந்தால்? ஸ்டீல் ஃபிரேமில் காந்தத்தை மெல்லிய காகிதத்தில் சுற்றி நகர்த்துங்கள். பட்டி மேல் வந்ததும் இழுப்பு குறையும். அலுமினியத்தில் நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள், ஓசை மந்தமாகும் இடத்தில் நில்லுங்கள். ஸ்டிக்கர்களையும் சும்மா விடாதீர்கள். இடது பக்கம் இல்லாமல் வலது பக்கம் மட்டும் ஒட்டிய ஸ்டிக்கர், குழாயைச் சுற்றிய டேப், தேவையில்லாத இடத்தில் ரிஃப்ளெக்டர் பட்டை இருந்தால் அடியில் என்ன என்று கேளுங்கள். ஃபிரேம் மட்டும் புதுப் பெயின்ட்டில் மின்னி, மற்றதெல்லாம் பழசாக இருந்தால் கேள்வியே வேண்டாம், காரணம் இருக்கிறது.

நூலும் சக்கரமும்

பின்சக்கரம் மாட்டும் இடது தகட்டில் நூலைக் கட்டி, ஹெட் குழாயைச் சுற்றி, வலது தகட்டுக்குக் கொண்டுவந்து இறுக்கிக் கட்டுங்கள். நூல் வழியில் எதையும் தொடக் கூடாது. சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள தூரத்தை இரு பக்கமும் அளவிடுங்கள். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் சாதாரண சைக்கிளில் இருக்கும். அதற்கு மேல் போனால் பின்பக்கம் ஒரு புறமாகச் சாய்ந்திருக்கிறது.

ஹெட் குழாய் முறுகியிருப்பதை நூல் காட்டாது. அதற்கு வண்டியின் முன்னால் சற்றுத் தள்ளி நின்று ஒரு கண்ணை மூடி, ஹெட் குழாயின் விளிம்பைச் சீட் குழாயின் விளிம்போடு சேர்த்துப் பாருங்கள். இரண்டும் இணையாக ஓட வேண்டும்.

சக்கரம் ஃபோர்க்கின் நடுவில் இல்லையா? உடனே ஃபிரேமைக் குறை சொல்ல வேண்டாம். சக்கரத்தைக் கழற்றி இடம் வலம் மாற்றி மாட்டுங்கள். ரிம் இப்போது எதிர்ப் பக்கம் ஒதுங்கினால் கோளாறு சக்கரத்தில், கோட்டம் எடுத்தால் போதும். முதலில் ஒதுங்கிய அதே பக்கம் மறுபடி ஒதுங்கினால் கோளாறு ஃபோர்க்கில். பின்சக்கரத்துக்கும் இதே விதி. பின் தகடுகளின் உள் இடைவெளி பழைய மவுன்டன் பைக்குகளில் 135, ரோடு பைக்குகளில் 130 மில்லிமீட்டர். சக்கரத்தை மாட்ட ஃபிரேமைக் கையால் விரிக்கவோ நெருக்கவோ வேண்டியிருந்தால் ஸ்டே வளைந்திருக்கலாம்.

ஓட்டிப் பார்ப்பது

சமமான, ஆளில்லாத தெருவில் ஓட்டுங்கள், ஹைவே சர்வீஸ் ரோடு வேண்டாம். தரையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அதன் வழியாக நேராக ஓட்டிவிட்டுத் திரும்பிப் பாருங்கள். இரண்டு சக்கரத் தடமும் ஒன்றின்மேல் ஒன்று விழ வேண்டும். பக்கம் பக்கமாக இரண்டு கோடு வந்தால் ஃபிரேம் அல்லது ஃபோர்க் கோணல். ஹேண்டில் பாரை விரல் நுனியால் மட்டும் பிடித்து ஓட்டும்போது எப்போதும் ஒரே பக்கம் இழுக்கிறதா என்றும் கவனியுங்கள். தொப்பூர் கணவாயிலோ, பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும் வளைவுகளிலோ அழுத்தமாகப் பிரேக் பிடிக்கும்போது பாரம் முழுவதும் ஃபோர்க்கிலும் ஹெட்டிலும் வந்து இறங்கும். அந்த மாதிரிச் சாலையில் ஓட்டப் போகிறவர் இந்தச் சோதனைகளில் ஒன்றைக்கூடத் தவிர்க்க வேண்டாம்.

அடி தெரிந்துவிட்டது: எதை ஏற்கலாம்?

ஸ்டீல் பொறுமைசாலி. மடிப்பில்லாத சின்னக் குழிவோடு ஓடும். வளைந்த பின் ஸ்டேயைத் தெரிந்த மெக்கானிக் குளிர நிலையிலேயே நிமிர்த்தலாம். விரிசலைப் பித்தளை வைத்தோ வெல்டிங்கிலோ கைதேர்ந்தவர் சேர்க்கலாம், ஆனால் பின்பக்கத்தில் மட்டும். ஹெட் பக்கம் வெல்டிங் வைத்த வண்டியை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். வளைந்த ஃபோர்க்கை நிமிர்த்தாமல் மாற்றுங்கள்.

அலுமினியம் அப்படியில்லை. குறைந்த பாரமே ஆனாலும் திரும்பத் திரும்பப் பட்டால் களைப்பு சேர்ந்துகொண்டே போகும். வளைந்ததை நிமிர்த்தினால் அங்கேயே விரிசல் விழ வாய்ப்பு அதிகம். "டிக் வெல்டிங் வெச்சுத் தரேன்" என்று பட்டறையில் சொல்வார்கள். பற்று நன்றாகவே இருக்கும். ஆனால் 6061 போன்ற கலவைக்கு வலுவைக் கொடுப்பது வெப்பப் பதம். வெல்டிங் சூடு பட்ட ஓரங்களில் அது போய்விடும். தொழிற்சாலையில் முழு ஃபிரேமையும் மறுபடி சூளையில் வைத்துப் பதப்படுத்துவார்கள், தெருமுனைப் பட்டறையில் அது நடக்காது. ஆகவே விரிசல் விட்ட அலுமினிய ஃபிரேம் முடிந்த கதை.

கார்பனில் தட்டும் ஓசை ஓரிடத்தில் மந்தமானால் உள் அடுக்குகள் பிரிந்திருக்கலாம். அதைப் பழுது பார்க்கும் நிபுணர்கள் உண்டு, ஆனால் அந்தச் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். பழக்கமில்லாதவர் பழைய கார்பனைத் தொடாமலிருப்பதே நல்லது.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு தெரிந்தால்

முதலில் ஓட்டுவதை நிறுத்துங்கள். வெல்டிங் கடைக்குக் கொண்டுபோகவோ பெயின்ட்டைச் சுரண்டவோ வேண்டாம். "நீங்கதான் போட்டு உடைச்சீங்க" என்ற பதிலுக்கு இடம் கொடுத்துவிடும். பகலில், பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். ஃபிரேம் நம்பரையும் சேர்த்து எடுங்கள். விளம்பரத்தை அவர் நீக்குவதற்குள் ஸ்கிரீன்ஷாட், பணம் அனுப்பிய யூபிஐ ரசீது, பழைய வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேமியுங்கள்.

அன்றைக்கே எழுதுங்கள், சூடாக வேண்டாம். "அண்ணா, நேத்து வாங்கின வண்டியில கீழ் பார்ல பழைய அடி இருக்கு, பட்டி பூசி பெயின்ட் அடிச்சிருக்கு. படம் அனுப்பியிருக்கேன். நான் கேட்டப்ப அடி இல்லைன்னு சொல்லியிருந்தீங்க. வண்டியைத் திருப்பிக் கொடுத்துடறேன், பணத்தை அனுப்பிடுங்க." அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம் என்பதற்கும் இடம் விட்டுப் பேசினால் பணம் திரும்பும் வாய்ப்பு அதிகம்.

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 17-ஆவது பிரிவு, ஒரு உண்மையைத் தெரிந்தே ஏமாற்றும் நோக்கத்தோடு மறைப்பதை மோசடி என்கிறது. ஆனால் வெறுமனே சொல்லாமல் இருப்பது பொதுவாக மோசடியாகாது. பட்டி பூசி மறைத்ததும், கேட்டதற்குத் தெரிந்தே பொய் சொன்னதும் ஒரு வகை. நீங்கள் கேட்கவே இல்லை, அவரும் சொல்லவில்லை என்பது வேறு வகை. முதலிலேயே எழுத்தில் கேட்கச் சொன்னது இதற்காகத்தான்.

கடைக்காரரிடம் வாங்கியிருந்தால் வழி எளிது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 பொருந்தும். 1915 என்ற தேசிய உதவி எண்ணில் முதலில் புகார் சொல்லலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். பில் இல்லாமல் வாங்காதீர்கள் என்று சொல்வதும் இதற்குத்தான். தனி ஆளிடம் வாங்கியது என்றால் இந்தச் சட்டம் உதவாது, சிவில் வழக்குதான். நாலைந்தாயிரம் ரூபாய் சைக்கிளுக்குக் கோர்ட் ஏறுவதைவிடப் பாதி விலையையாவது பேசி வாங்குவது மேல்.

அதுவும் நடக்கவில்லை என்றால் பிரித்துப் போடுங்கள். சக்கரம், கியர், பிரேக், சீட், கிராங்க் எல்லாம் தனித்தனியாக விலை போகும். அதே அளவுள்ள நல்ல ஃபிரேம் கிடைத்தால் இவற்றை அதற்கே மாற்றிக்கொள்ளலாம். அடிபட்ட ஃபிரேமைப் பழைய இரும்புக் கடையில் போடும் முன், ஹெட் குழாய்க்குப் பின்னால் ஆக்சா பிளேடால் மேல் பாரையும் கீழ் பாரையும் அறுத்துவிடுங்கள். இல்லையென்றால் அது மறுபடி பெயின்ட் அடித்து விற்பனைக்கு வந்துவிடும்.